கும்பகோணத்தில் பஸ்டர் கீட்டன்: நான்கு மாலைத் திரையிடல் பற்றி

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திற்கு அருகிலுள்ள ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, உள்ளூர் நண்பர்கள் சிலர் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு மாலைகள் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் மௌனப் படங்களை நேரடி இசையுடன் திரையிட்டார்கள். ஒரு மாலைக்குக் கட்டணம் 100 ரூபாய். நான்குக்கும் சேர்த்து வாங்கினால் 300. இதே படங்களோடும் இதே இசைக்கலைஞர்களோடும் அடுத்து மன்னார்குடியிலும், அதன்பின் மயிலாடுதுறையிலும் நடத்தப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் போகலாமா, எந்த மாலைக்குப் போகலாம் என்று தீர்மானிக்க உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு மாலைக்கு மட்டுமே நேரம் இருப்பவர்கள் இரண்டாம் மாலைக்குப் போகவேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காம் மாலை இப்போதிருக்கும் வடிவில் காசுக்குத் தகுந்ததாக இல்லை.

இந்தப் படங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், 1920களில் வெளிவந்த கீட்டன் படங்களுக்கு அது எப்போதோ காலாவதியாகிவிட்டது. அமெரிக்காவிலும் 1928 வரை வெளியானவை பொதுச்சொத்தாகிவிட்டன. கைபேசியில் கட்டணமில்லாமல் கிடைப்பதற்கு மண்டபத்தில் போய் ஏன் பணம் கட்டவேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. என்னைப் பொறுத்தவரை இத்தகைய திரையிடலை மூன்று விஷயங்களை வைத்துத்தான் மதிப்பிட முடியும். படத்தை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறார்கள், எந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள், அதன்மேல் எப்படிப்பட்ட ஓசையை வைக்கிறார்கள் என்பவையே அந்த மூன்றும். வேறு எந்த நகைச்சுவை நடிகரின் படத்துக்கும் இவை இவ்வளவு முக்கியமில்லை. கீட்டனுக்கு இவைதான் உயிர்.

ஏனென்றால் கீட்டன் முகத்தைக் காட்டிச் சிரிக்கவைத்தவர் அல்லர். சாப்ளின் கண்ணருகே வந்து நம்மிடம் பேசுவார். கீட்டன் தூரத்தில் நிற்பார். தலையிலிருந்து கால்வரை அவர் உடல் முழுவதும் தெரியும். அவரைச் சுற்றி வீடோ, தெருவோ, ரயிலோ, ஆறோ முழுதாகத் தெரியும். அந்தப் பெரிய பரப்பில் ஒரு சின்ன உருவம் என்ன செய்கிறது, அதற்குத் தெரியாமல் அதன் பின்னால் என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதை நாமே கண்ணை ஓட்டித் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். சிரிப்பு பிறக்கும் இடம் அதுதான். கையகலத் திரையில் அந்தச் சின்ன உருவம் எறும்பாகிவிடுகிறது. எறும்பு இடறி விழுந்தால் யார் சிரிப்பார்கள்?

இந்த முறை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய அவருடைய இளமையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும். 1895 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிக்வா என்னும் சிற்றூரில், ஊர் ஊராகப் போய் மேடையேறும் கலைஞர் தம்பதிக்குப் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஜோசப் ஃபிராங்க் கீட்டன். நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் குடும்பத்துப் பிள்ளைகளைப் போல நடக்கத் தெரிந்த வயதிலேயே மேடைக்கு வந்துவிட்டார். தந்தை ஜோ கீட்டன் அவரை மேடையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தூக்கி எறிவதே அந்தக் குடும்பத்தின் ஆட்டம். அடிபடாமல் விழும் வித்தையை அங்குதான் கற்றார். விழுந்து எழும்போது தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தை இறுக்கமாக வைத்திருந்தால் கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கிறது என்பதையும் அங்கேயே கண்டுகொண்டார். பிற்காலத்தில் உலகம் வியந்த அந்தச் சிரிக்காத முகம் ஒரு சிறுவன் கண்டுபிடித்த தொழில் ரகசியம். முதல் மாலையில் அறிமுக உரை ஆற்றிய நண்பர், 'பஸ்டர்' என்ற பெயரை மாயாஜாலக்காரர் ஹூடினிதான் சூட்டினார் என்று அடித்துச் சொன்னார். கீட்டன் குடும்பமே பரப்பிய கதை அது; அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்களில் பலர் அதை நம்புவதில்லை. இன்னும் இரண்டு ஊர்களில் சொல்லப்போகிறார் என்பதால் இங்கே குறித்துவைக்கிறேன்.

1917இல் நியூயார்க்கில் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரின் படப்பிடிப்புக்குப் போனபோதுதான் கீட்டனுக்குச் சினிமா அறிமுகமாயிற்று. படம்பிடிக்கும் கருவியை இரவல் வாங்கிப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அவருக்கு மனம் அமைதியானதாம். ஆர்பக்கிளிடம் தொழில் கற்று, முதல் உலகப்போரில் பிரான்சில் படைவீரராக இருந்து, காது கொஞ்சம் மந்தமாகித் திரும்பினார். 1920 முதல் 1923 வரை சொந்தப் படக்கூடத்தில் 19 குறும்படங்கள், அதன்பின் 1923 முதல் 1928 வரை பத்து முழுநீளப் படங்கள். கீட்டனின் பெருமை முழுவதும் இந்த எட்டாண்டுக்குள் அடங்கிவிடுகிறது. தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் பணம் கொடுத்தார், படத்தில் தலையிடவில்லை. எழுதப்பட்ட திரைக்கதை கிடையாது. தொடக்கமும் முடிவும் தெரிந்துவிட்டால் போதும், நடுப்பகுதி தானே வந்து சேரும் என்பது அவர்கள் கொள்கை. யோசனை தடைப்பட்டால் எல்லோரும் வெளியே போய்ப் பேஸ்பால் ஆடுவார்களாம்.

முதல் மாலையில் மூன்று படங்கள்: 'ஒன் வீக்', 'காப்ஸ்', 'ஷெர்லாக் ஜூனியர்'. இந்த வரிசை நல்ல தேர்வு. 1920இல் வந்த 'ஒன் வீக்' புதுமணத் தம்பதிக்குச் சீதனமாக வரும் ஒரு வீட்டைப் பற்றியது. பெட்டி பெட்டியாக எண் போட்டு வரும் பலகைகளை எண் வரிசைப்படி பொருத்தினால் வீடு தயார். பெண்ணைக் கைப்பிடிக்க முடியாமல் போன ஒருவன் எண்களை மாற்றி எழுதிவிட, கீட்டன் கட்டி முடிக்கும் வீடு கோணல்மாணலாக நிற்கிறது. புயல் அடித்ததும் அது பம்பரமாகச் சுழல்கிறது. ஒரு சுழல்மேடையின் மேல் உண்மையாகவே வீட்டைக் கட்டிச் சுழற்றி எடுத்த காட்சி அது. மறுநாள், வீடு கட்டிய மனையே தவறு, உங்கள் மனை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த இடத்தில் மண்டபம் அதிர்ந்தது. பட்டா ஒருவர் பேரிலும் அனுபவம் இன்னொருவர் கையிலும் இருக்கும் வழக்குகள் வீட்டுக்கு வீடு உள்ள ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டை இழுத்துக்கொண்டு போகும்போது அது தண்டவாளத்தின் மேல் சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது. பக்கத்துப் பாதையில் போய்விடுகிறது. இருவரும் மூச்சு விடுகிறார்கள். நாமும் விடுகிறோம். அப்போது எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள்தூளாக்குகிறது. 'விற்பனைக்கு' என்ற பலகையை அந்தக் குவியலில் நட்டு, கட்டும் முறை அச்சிட்ட தாளையும் அதில் சேர்த்துவிட்டு இருவரும் நடந்துபோகிறார்கள்.

வேகத்தில் இவர்கள் சறுக்கியதும் இந்தப் படத்தில்தான். மௌனப் படக்காலத்தில் கருவியைக் கையால் சுழற்றிப் படம் பிடித்தார்கள். நொடிக்கு 16 சட்டகத்திலிருந்து (ஃபிரேம்) 24 வரை ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். பேசும் படங்கள் வந்த பிறகு 24 என்பது நிலைபெற்றது. மெதுவாகப் பிடித்ததை 24இல் ஓட்டினால் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். பழைய படம் என்றாலே வெடுக் வெடுக்கென்று ஆடும் என்று பலர் நம்புவதற்குக் காரணம் இதுவே. கீட்டன் வேண்டுமென்றே சற்று மெதுவாகச் சுழற்றி வேகம் கூட்டிய காட்சிகள் உண்டு என்பதால் ஒரே வேகத்தைப் படம் முழுதும் திணிக்கவும் முடியாது. கண் பார்த்துக் கணிக்கவேண்டிய வேலை. இவர்கள் எடுத்திருந்த கோப்பு எங்கோ அவசரமாகப் பதிவேற்றப்பட்டது போலிருந்தது. கீட்டன் ஏணியில் ஏறியது குரங்கு தாவியது மாதிரி தெரிந்தது. பார்வையாளர்களில் ஒருவர் எழுந்து சொன்ன பிறகு, 'காப்ஸ்' தொடங்கும் முன் வேறு கோப்புக்கு மாறினார்கள். அதன்பின் நான்கு நாளும் அந்தக் குறை வரவில்லை. கேட்டதும் திருத்திக்கொண்ட அந்தப் பண்பைப் பாராட்டவேண்டும்.

'ஷெர்லாக் ஜூனியர்' 1924இல் வந்தது. முக்கால் மணி நேரம்தான் ஓடும். திரையரங்கில் படம் ஓட்டுபவராக வரும் கீட்டன், கருவிக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போய்க் கனவில் திரைக்குள் நுழைந்துவிடுகிறார். உள்ளே போனவர் தோட்டத்து இருக்கையில் உட்காரப்போகும்போது காட்சி மாறித் தெருவில் விழுகிறார். தெருவில் நடக்க, மலைவிளிம்பு வருகிறது. குனிந்து பார்க்க, சிங்கங்கள் சூழ நிற்கிறார். பிறகு பாலைவனம், கடல் நடுவே பாறை, பனி. இடங்கள் மாறுகின்றனவே தவிர, அவர் உடல் ஓர் இம்மிகூட நகர்வதில்லை. நில அளவைக் கருவிகளை வைத்து, படம்பிடிக்கும் கருவிக்கும் நடிகருக்கும் இடையிலான தூரத்தை ஒவ்வொரு இடத்திலும் துல்லியமாக அளந்து எடுத்த காட்சி இது. இதே படத்தில் ரயில் மேலிருந்து தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்கும்போது, கொட்டிய நீரின் வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. முறிந்தது என்பதே பல ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த எடுப்புதான் இன்றும் படத்தில் இருக்கிறது.

ஒரு குறையை இங்கே சொல்லவேண்டும். மண்டபத்தின் தரை சமதளம்; பிளாஸ்டிக் நாற்காலிகள்; திரை 16 அடி அகலம் என்றாலும் அதன் அடிவிளிம்பு மார்பளவு உயரத்திலேயே தொடங்கியது. ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் இருப்பவர்களின் தலைகள் படத்தின் கீழ்ப்பகுதியை மறைத்தன. கீழ்ப்பகுதியில் இருப்பவை கீட்டனின் கால்கள். கால் தெரியாத கீட்டனைப் பார்ப்பதற்கு ரேடியோ கேட்டுவிட்டுப் போகலாம். திரையை இன்னும் மூன்றடி உயர்த்தினால் தீரக்கூடிய பிரச்சினை இது. மன்னார்குடியில் அவசியம் செய்யவேண்டும்.

இசைக்கு வருவோம். வயலின், மிருதங்கம், கஞ்சிரா என மூவர். கர்நாடக இசையை அமெரிக்க நகைச்சுவைப் படத்தின்மேல் ஒட்டவைக்கும் முயற்சி என்று கேட்டபோது எனக்குச் சந்தேகம் இருந்தது. வழுக்கி விழுந்தால் ஒரு 'தொம்', அடி வாங்கினால் ஒரு 'தகிட' என்று போகும் என்றே நினைத்தேன். 'காப்ஸ்' முழுவதும் கஞ்சிராக்காரர் அப்படித்தான் வாசித்தார், சலிப்பு தட்டியது. ஆனால் மிருதங்கம் வாசித்தவருக்கு விஷயம் புரிந்திருந்தது. 'ஒன் வீக்' திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும் ஏழு நாள் கதை, நாள்காட்டித் தாள் கிழியக் கிழிய நகரும் படம். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கைத் தாளம். யாருக்கும் அறிவிக்கவில்லை, கையில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரயில் மோதும் இடத்தில் அந்த ஏழின் கடைசி எண்ணிக்கையை வாசிக்காமல் விட்டார்.

மௌனப் படக்காலத்தில் நம் ஊர்களிலும் படம் முழு மௌனமாக ஓடியதில்லை. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக் கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டத் தொடங்கினார். அதன்பின் வந்த காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்பவர் ஒருவர் இருப்பது வழக்கம். அந்த மரபை இவர்கள் மீட்டிருக்கிறார்கள். இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை ஓர் இளம் பெண் தமிழில் வாசித்தார். படத்துக்குப் படம் சராசரியாக 240 அட்டைகள் வந்த காலத்தில், தன் படத்தில் மிகுதியாகப் போட்டதே 56 தான் என்று கீட்டன் சொல்லியிருக்கிறார். ஆகவே வாசிப்பவருக்கு வேலை குறைவு. அவரும் அந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. வேறு யாராவது என்றால் சொந்தச் சரக்கைச் சேர்த்திருப்பார்கள்.

இரண்டாம் மாலைக்கு 'தி ஜெனரல்' ஒன்றே. 1926இல் எடுத்து, 1927 தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதும் வெளியான படம். 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடக்குப் படையின் ஒற்றர்கள் ஜார்ஜியாவில் தெற்கத்தியரின் ரயில் ஒன்றைக் கடத்திக்கொண்டு போன உண்மைச் சம்பவமே கதைக்கு மூலம். இன்ஜின் டிரைவர் ஜானி கிரே, கடத்தப்பட்ட தன் இன்ஜினைத் துரத்திக்கொண்டு முதல் பாதியில் வடக்கே போகிறார். அதை மீட்டுக்கொண்டு இரண்டாம் பாதியில் தெற்கே வருகிறார். போகும்போது அவர் துரத்த எதிரிகள் தடை போட்டார்கள். வரும்போது எதிரிகள் துரத்த அவர் தடை போடுகிறார். போன வழியில் பார்த்த ஒவ்வொன்றும் திரும்பும் வழியில் தலைகீழாக வருகிறது. நகைச்சுவைப் படத்தில் இவ்வளவு கட்டுக்கோப்பான கதையமைப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று கூட்டத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மெயின் லைனில் மீட்டர்கேஜ் காலத்து நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போட்டவர்களும், பொன்மலைப் பட்டறையில் வேலை செய்தவர்களும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் சிரிக்காத இடங்களில் அவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரித்த ஓரிடத்தில் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காதலியால் நிராகரிக்கப்பட்ட ஜானி சோர்ந்துபோய் இன்ஜின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் உட்கார்ந்திருக்க, இன்ஜின் நகர்கிறது. தண்டு அவரை மேலும் கீழுமாகத் தூக்கி இறக்கிக்கொண்டே கொட்டகைக்குள் போகிறது. அவருக்கு அது கொஞ்ச நேரம் தெரியவே இல்லை. "சக்கரம் ஒரு வழுக்கு வழுக்கினா ஆளு காலி" என்று என் பின்னாலிருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உண்மைதான், நீராவி கொஞ்சம் கூடி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்றிருந்தால் கீட்டன் தூக்கி எறியப்பட்டிருப்பார். அதேபோல, ஓடும் இன்ஜினின் முன்தட்டில் உட்கார்ந்துகொண்டு, தண்டவாளத்தின் குறுக்கே கிடக்கும் கட்டையின் ஒரு நுனியில் தன் கையிலுள்ள கட்டையை எறிந்து இரண்டையும் ஒருசேரத் தெறிக்கவிடும் காட்சிக்கு அந்த முன்னாள் ஊழியர்கள் கைதட்டினார்கள். நடிப்புக்கு என்பதைவிட வேலைத்திறனுக்குக் கிடைத்த கைதட்டல் அது.

எரியும் பாலத்தின்மேல் இன்ஜின் ஏறிப் பாலத்தோடு ஆற்றில் விழும் காட்சி, ஆரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் அருகே ரோ ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, 1926 ஜூலையில் எடுக்கப்பட்டது. பொம்மை இல்லை, மெய்யான இன்ஜின். மௌனப் படக்காலத்திலேயே அதிகச் செலவு பிடித்த தனிக் காட்சி என்று இதைச் சொல்வார்கள். விழுந்த இன்ஜின் ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் பழைய இரும்பாக எடுக்கப்பட்டது. இவ்வளவு செலவு செய்த படம் வசூலில் ஏமாற்றியது. விமர்சகர்களும் அன்று பெரிதாக மதிக்கவில்லை. 1989இல் அமெரிக்க அரசு பாதுகாக்கவேண்டிய படங்களின் முதல் பட்டியலைத் தயாரித்தபோது இது அதில் இடம்பெற்றது.

வயலின் கலைஞர் இந்த மாலையில்தான் தன் திறமையைக் காட்டினார். படைகள் அணிவகுத்து வரும் காட்சிகளுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொண்டார். ஆங்கிலேயர் வாத்தியக்குழு வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டுத் திருவாரூர்க்காரர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்த உருப்படிகள் அவை. 'சக்தி சஹித கணபதிம்' நம் வீட்டுக் குழந்தைகள் தொடக்கத்திலேயே பாடுவது. வடக்கத்தியப் படை வரும்போது அந்த மெட்டு நிமிர்ந்து நின்றது. அவர்கள் தோற்று ஓடும்போது அதே மெட்டு காலம் கூடி ஓடியது. பாலம் இடிந்து இன்ஜின் விழும் வரை வாசித்தவர், விழுந்த பிறகு எதிரித் தளபதியின் முகம் தெரியும்போது நிறுத்திவிட்டார். அங்கே வாசிக்காமலிருந்தது மிகச் சரி.

இந்தப் படத்தைப் பற்றி ஒன்றை ஒளிக்கக்கூடாது. நாயகன் தெற்கத்தியன். அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்ட தரப்பைச் சேர்ந்தவன். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வேறு சில படங்களில் இதைவிட மோசம். 'செவன் சான்சஸ்' படத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின வேலைக்காரராக வருவார். 'காலேஜ்' படத்தில் கீட்டனே கரி பூசிக்கொள்வார். அந்தக் காலத்து மேடைப் பழக்கம் என்று விளக்கலாம், நியாயப்படுத்த முடியாது. அறிமுக உரையில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். மாறாக, 'சாப்ளினா கீட்டனா' என்று அரைமணி நேரம் பேசினார்கள். எதையும் பட்டிமன்றமாக்காமல் நம்மவர்களுக்குப் பொழுது போகாது.

மூன்றாம் மாலையில் காட்டிய 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' 1928இல் வந்தது. ஆற்றுப் படகோட்டியின் மகனாக, பட்டணத்தில் படித்துவிட்டுத் தந்தையிடம் வரும் மென்மையான இளைஞனாகக் கீட்டன். முதல் முக்கால் பங்கு சாதாரணம். தொப்பிக் கடையில் தந்தை மகனுக்குத் தொப்பி தேடும் காட்சி தவிர நினைவில் தங்குவது குறைவு. கடைசிப் பகுதியில் புயல் வருகிறது. ஊர் முழுவதும் சிதைகிறது. வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து கீட்டன் மேல் சாய்கிறது; மேல்மாடிச் சன்னல் திறந்திருந்த இடத்தில் அவர் நிற்பதால் தப்பிக்கிறார். சுவரின் எடை சுமார் 2 டன். சன்னலின் சட்டத்துக்கும் அவர் உடலுக்கும் சில அங்குல இடைவெளி. நிற்கவேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரே எடுப்பில் எடுத்தார்கள். கருவிக்குப் பின்னால் நின்றவர்களில் சிலர் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

கூரைகள் பறக்கத் தொடங்கியதும் மண்டபத்தில் சிரிப்பு குறைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது கூரை பறப்பதையும் தென்னை வரிசையாகச் சாய்வதையும் பார்த்தவர்கள், அல்லது மறுநாள் போய்ப் பார்த்தவர்கள், இங்கே ஏராளம். மருத்துவமனைக் கட்டடம் தரைமட்டத்தைவிட்டுத் தூக்கப்பட்டு, கட்டிலில் கிடக்கும் கீட்டன் வெட்டவெளியில் தெரியும் காட்சிக்கு வேறு ஊர்களில் பெரிய சிரிப்பு கிடைக்கும். இங்கே "ஐயோ" என்றுதான் கேட்டது. பிறகு அவர் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு அவரையும் சுமந்து வானத்தில் பறக்கிறது. அந்த இடத்தில்தான் அடக்கிவைத்திருந்த சிரிப்பு எல்லாம் ஒன்றாக வெளிவந்தது. மரம் விழுந்து பார்த்திருக்கிறார்கள்; ஆளோடு பறந்து பார்த்ததில்லை. இந்தப் படத்தில் முதலில் புயலே இல்லை, வெள்ளம்தான் திட்டமிடப்பட்டிருந்தது. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்து பேரழிவு நேர்ந்ததால், வெள்ளத்தை வைத்துச் சிரிக்கவைத்தால் மக்கள் மனம் நோகும் என்று தயாரிப்புத் தரப்பு அஞ்சிப் புயலாக மாற்றியது. கொள்ளிடம் கரை உடைவதைப் பார்த்த ஊரில் மூல வடிவம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

நான்காம் மாலை ஏமாற்றம். 'தி கேமராமேன்' நல்ல படம்தான், 1928இல் வந்தது. தெருவில் புகைப்படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞன் காதலுக்காகச் செய்திப்படக்காரன் ஆக முயல்வது கதை. ஆளே இல்லாத யாங்கி ஸ்டேடியத்தில் கீட்டன் தனியாக நின்று, பந்து வீசுபவராகவும் அடிப்பவராகவும் ஓடுபவராகவும் மாறி மாறிப் பேஸ்பால் ஆடும் காட்சிக்காகவே பார்க்கலாம். இதை மட்டும் ஓட்டியிருந்தால் போதும். ஆனால் படத்துக்கு முன்னால் அவருடைய பிற்கால வாழ்க்கை பற்றி நீண்ட உரையும், பேசும் படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய காட்சிகளும் வைத்து, 'சத்தம் வந்தது, கீட்டன் வீழ்ந்தார்' என்று கண்ணீர்க் கதையாக்கிவிட்டார்கள். அது உண்மைக்குப் பொருந்தாத விளக்கம்.

1928இல் ஷெங்க் தன் படக்கூடத்தை மூடிவிட்டு, கீட்டனை எம்.ஜி.எம். நிறுவனத்துக்குக் கைமாற்றினார். போகவேண்டாம் என்று சாப்ளினும் இன்னொரு நகைச்சுவை நடிகரான ஹரால்டு லாயிடும் எச்சரித்தார்கள். அங்கே முதல் நாளிலிருந்து எழுதிய திரைக்கதை கேட்டார்கள். கால அட்டவணை போட்டார்கள். ஆபத்தான வேலைகளுக்குத் தடை விதித்தார்கள். 'தி கேமராமேன்' படத்தில் தன் பழைய முறையை ஓரளவு காப்பாற்றிக்கொண்டார். 1929இல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' அவருடைய கடைசி மௌனப் படம். அதிலேயே பிடி தளர்ந்துவிட்டது. பேசும் படங்களில் அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை. ஆழமான, கரகரப்பான, மேடையில் பழகிய குரல். அந்தப் படங்கள் நன்றாக ஓடவும் செய்தன. ஒரே படத்தை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் உச்சரிப்பை மனப்பாடம் செய்து நடித்துக்கொடுத்தார். அதே ஆண்டுகளில்தான் இங்கே மௌனப் படங்களிலிருந்து வந்த திருவையாற்று டி.பி. ராஜலக்ஷ்மி 1931இல் 'காளிதாஸ்' மூலம் பேசும் பட நாயகியானார். ஒலி வந்ததால் மட்டும் யாரும் உயர்ந்துவிடவோ வீழ்ந்துவிடவோ இல்லை. கீட்டன் இழந்தது தூரத்தில் நிற்கும் உரிமையை. கருவியை எங்கே வைப்பது, காட்சி எவ்வளவு நேரம் ஓடுவது, எந்த ரயிலை எப்போது விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் போயிற்று. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தி, வாயாடி ஜிம்மி டுராண்டியுடன் ஜோடி சேர்த்து வசனம் பேசவைத்தார்கள். இந்த வேறுபாட்டை அன்று காட்டிய துண்டுக் காட்சிகளே தெளிவாகச் சொல்லின, உரை ஆற்றியவர்தான் கவனிக்கவில்லை.

மது, 1932இல் மணமுறிவு, 1933இல் வேலைநீக்கம் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னவர்கள், அதற்குப் பின் நடந்ததை அவசரமாகக் கடந்துபோனார்கள். 1940இல் எலினார் நாரிஸை மணந்த பிறகு அவர் வாழ்க்கை நிலைப்பட்டது. மற்றவர்களின் படங்களுக்கு நகைச்சுவை யோசனை சொல்லிப் பிழைத்தார். 1949இல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி அமெரிக்காவின் 'லைஃப்' இதழில் எழுதிய கட்டுரை அவரை மீண்டும் நினைவுபடுத்தியது. 1952இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒரே காட்சியில் தோன்றினார்கள். 1960இல் சிறப்பு ஆஸ்கர் விருது. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் எழுந்து நின்று கைதட்டிய பெருங்கூட்டம். 1966 பிப்ரவரி 1 அன்று இறந்தார். தன் படங்கள் மீண்டும் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவரைத் தோற்றுப்போனவராகச் சித்திரிப்பது எனக்கு ஒப்பவில்லை.

மற்றபடி ஏற்பாடுகள் குறைசொல்லும்படி இல்லை. இடைவேளையில் டபராவில் நல்ல டிகிரி காபி கொடுத்தார்கள். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. இரண்டாம் நாள் மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் ஓடிய இரைச்சலில் வயலின் கேட்கவில்லை. அதை மண்டபத்துக்குப் பின்புறம் தள்ளி வைக்கலாம். மின்விசிறிகளை முழு வேகத்தில் வைத்ததால் துணித்திரை அலையாடியது. பக்கவாட்டிலும் கட்டிவைத்தால் நிற்கும். கொசுவுக்கு ஏதாவது செய்யவேண்டும். குழந்தைகளுக்கு அரைக்கட்டணம் என்று வைத்தால் கூட்டம் கூடும்; முதல் மாலையில் வந்திருந்த நாலைந்து சிறுவர்கள்தான் எல்லோரைவிடவும் முன்னதாகச் சிரித்தார்கள்.

மன்னார்குடியில் நான்காம் மாலையின் உரையையும் துண்டுக் காட்சிகளையும் எடுத்துவிட்டு, 'தி கேமராமேன்' படத்துக்கு முன்னால் 1921இன் 'தி பிளேஹவுஸ்' குறும்படத்தைச் சேர்க்குமாறு நடத்துபவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒரே படச்சுருளைப் பலமுறை பின்னோக்கிச் சுற்றி மீண்டும் மீண்டும் பதிவுசெய்து, ஒன்பது கீட்டன்கள் ஒரே மேடையில் வரிசையாக நின்று ஆடும் படம் அது. எத்தனை கீட்டன்கள் என்று எண்ணுவதற்காவது திரையை உயர்த்துவார்கள் என்று நம்புகிறேன்.